கதிரையை நாற்காலி ஆக்கியதால் வந்த வினை

ஆசிரியர் அவர்கட்கு,

கடந்த ஞாயிறு வாசகர் கடிதப் பகுதியில் என் கடிதத்தைப் பிரசுரித்ததற்கு நன்றி. எட்டு வரிக் கடிதம்தான். அதில் ஒரேயொரு சொல்லை மாற்றியிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் அந்தக் கடிதத்தையே எழுதினேன்.

நான் எழுதி அனுப்பியது: “கதீட்ரல் என்ற சொல்லும் எங்கள் வீட்டுக் கதிரை என்ற சொல்லும் ஒரே வேரில் முளைத்தவை.” நீங்கள் அச்சிட்டது: “கதீட்ரல் என்ற சொல்லும் எங்கள் வீட்டு நாற்காலி என்ற சொல்லும் ஒரே வேரில் முளைத்தவை.”

திங்கட்கிழமை காலையில் மீன் வாங்கப் போனேன். சந்தை வாசலிலேயே ஒரு தம்பி மறித்துவிட்டான். “என்ன அண்ணை, பேப்பரிலை எழுதியிருக்கிறியள்! கதீட்ரலுக்கு நாலு கால் எங்கை இருக்கு?” பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய? கையில் பாரைமீன் பையோடு நின்றுகொண்டு கிரேக்கமும் லத்தீனும் விளங்கப்படுத்த முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம். இது எட்டு வரியில் முடியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் உதவி ஆசிரியரில் எனக்குக் கோபம் இல்லை. ‘கதிரை’ பேச்சுத் தமிழ், ‘நாற்காலி’ எழுத்துத் தமிழ் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார். எழுத்துப்பிழை என்று நினைத்து உதவி செய்திருப்பார். ஆனால் நான் நாற்பது வருஷம் தச்சுவேலை செய்தவன். என் பட்டறையில் முதிரையிலும் வேம்பிலும் தேக்கிலும் செய்து விற்றது கதிரைதான். நாற்காலி என்று கேட்டு ஒருவரும் என் படலையைத் திறந்து வந்ததில்லை.

முதலில், கடிதம் எழுத வைத்த விஷயம். நவம்பர் 9ஆம் திகதி உரோமையில் உள்ள இலாத்தரன் பேராலயத்தின் நேர்ந்தளிப்புத் திருநாள். 2025இல் அது ஞாயிற்றுக்கிழமையிலேயே வந்தது. அன்றைக்கு உங்கள் பத்திரிகையில் அதைப் பற்றி ஒரு சிறு கட்டுரை. கட்டுரையில் பிழை இல்லை. ஆனால் படமாகப் போட்டிருந்தது வத்திக்கானில் உள்ள புனித இராயப்பர் (பேதுரு) பேராலயத்தை. கீழே, “பாப்பரசரின் கதீட்ரல்” என்று ஒரு வரி. கூம்புமாடமும் முன்னால் அந்தப் பெரிய சதுக்கமும் யாருக்குத்தான் தெரியாது? அதுதான் உலகத்திலேயே பெரியது, ஆகவே அதுதான் பாப்பரசரின் கதீட்ரல் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

இல்லை ஐயா. பாப்பரசர் உரோமை நகரத்தின் ஆயர், அதாவது பிஷப். ஓர் ஆயரின் கதிரை எந்தக் கோயிலில் இருக்கிறதோ அதுதான் கதீட்ரல். அந்த ஆயரின் கதிரை இருப்பது இலாத்தரனில். 4ஆம் நூற்றாண்டில் கொன்ஸ்தந்தீன் சக்கரவர்த்தியின் காலத்தில் எழுந்த கோயில் அது. “நகரத்தினதும் உலகத்தினதும் எல்லாக் கோயில்களுக்கும் தாயும் தலையும்” என்று அங்கே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். 2025 மே 8ஆம் திகதி தெரிவான பாப்பரசர் 14ஆம் லியோ (எங்கள் பழைய வழக்கில் சிங்கராயர் என்போம்) மே 25ஆம் திகதி இலாத்தரனுக்குப் போய் அந்தக் கதிரையில் அமர்ந்த பிறகுதான், உரோமையின் ஆயராகத் தன் ஆசனத்தைப் பொறுப்பேற்ற சடங்கு நிறைவேறியது. நானும் யூரியூப்பில் பார்த்தேன். வெள்ளைச் சலவைக்கல் ஆசனம். அவர் அதில் இருந்த அந்தக் கணத்துக்காகவே இருமுறை பார்த்தேன். தொழில் புத்தி.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். எனக்கு இதைச் சொல்லித்தந்தது புத்தகம் அல்ல. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பங்குக் கோயிலில் இருந்து ஒரு கதிரை திருத்த வந்தது. உறுதிபூசுதல் சடங்குக்கு ஆண்டவர் (ஆயரை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம்) வரும்போது இருக்கிற கதிரை. முதிரை மரம், முதுகில் பிரம்புப் பின்னல், பின்கால் ஒன்றைக் கறையான் உள்ளால் தின்றுவிட்டது. வெளியில் மினுக்கம், உள்ளே மண். அதைக் கொண்டுவந்தவர் குருமடத்தில் லத்தீன் படிப்பித்து ஓய்வுபெற்ற ஒரு வயோதிபச் சுவாமியார். வேலை முடியும் வரை பட்டறையில் ஒரு வாங்கில் இருந்துகொண்டு என்னோடு கதைத்துக்கொண்டே இருந்தார். நான் வாய்தவறி, “சுவாமி, கதீட்ரலில் இருக்கிற கதிரையையும் பிறகு ஒருக்கால் பார்க்க வேணும்” என்று சொன்னேன். அவர் துள்ளி எழும்பிவிட்டார்.

“நீ இப்ப என்ன சொன்னாய், தெரியுமோ? ஒரே சொல்லை இரண்டு தரம் சொன்னாய்!”

அப்போது அவர் சீவல் தூள் பரவிக் கிடந்த நிலத்தில் ஊன்றுகோலால் எழுதிக் காட்டியதை நான் மறக்கவில்லை. கிரேக்கத்தில் ‘கத்தா’ என்றால் கீழே. ‘ஹெட்ரா’ என்றால் இருப்பிடம், ஆசனம். இரண்டும் சேர்ந்து ‘கதெட்ரா’. கீழே அமர்கிற இடம், அதாவது கதிரை. அதை லத்தீன்காரர் அப்படியே எடுத்து ‘கதெத்ரா’ என்றார்கள். ஆயரின் கதெத்ரா வைக்கப்பட்ட கோயில் ‘எக்லேசியா கதெத்ராலிஸ்’. கதிரையுள்ள கோயில் என்று பொருள். ஆங்கிலத்திலும் முதலில் ‘கதீட்ரல் சேர்ச்’ என்றுதான் சொன்னார்கள், கதீட்ரல் அங்கே வெறும் அடைமொழி. பிறகு சோம்பலில் ‘சேர்ச்’ உதிர்ந்து, அடைமொழி மட்டும் பெயராய் நின்றுவிட்டது. அந்தச் சொல்லில் பெரிது, உயரம், கோபுரம், கண்ணாடி யன்னல் ஒன்றுமே இல்லை.

இன்னொரு பக்கம், அதே லத்தீன் சொல் போர்த்துக்கல் நாட்டுச் சனங்களின் வாயில் உருண்டு தேய்ந்து ‘கதெய்ரா’ ஆனது. சாதாரண வீட்டுக் கதிரைக்கு அவர்களுக்கு இன்றைக்கும் அதுதான் பெயர். 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்து 1658 வரை ஆண்டவர்கள் அவர்கள். போகும்போது கோட்டையையும் சில சொற்களையும் விட்டுப்போனார்கள். மேசை, அலுமாரி, வாங்கு, யன்னல், சாவி. அதோடு கதிரையும். பாய் விரித்தும் திண்ணையிலும் இருந்த எங்கள் சனத்துக்கு அந்தச் சாமான் புதிது, ஆகவே பெயரும் சாமானோடு வந்தது. (கதிர்காமத்தையும் பாட்டில் கதிரை என்பார்கள். அந்தக் கதிரை வேறு. அதைப் பிடித்துக்கொண்டு யாரும் அடுத்த ஞாயிறு எனக்குப் பதில் எழுத வேண்டாம்.)

வேடிக்கை என்னவென்றால், எங்களுக்குக் கதிரையைத் தந்த போர்த்துக்கேயர் தங்கள் தலைமைக் கோயிலைப் பெரும்பாலும் ‘ஸே’ என்றுதான் சொல்வார்கள். கோவாவில் இருக்கிற ஸே கதீட்ரல் அப்படித்தான் பெயர் பெற்றது. அது ‘சேதெஸ்’ என்ற லத்தீன் சொல்லில் இருந்து வந்தது. அதற்கும் ஆசனம் என்றே பொருள்! எந்தப் பக்கத்தால் போனாலும் ஒரு கதிரையில்தான் போய் முட்டுகிறோம்.

இந்த இடத்தில் நாற்காலி ஏன் சரிவராது என்பதைத் தச்சனாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நாற்காலி என்பது காலை எண்ணி வைத்த பெயர். முக்காலியும் அப்படித்தான். கதெத்ரா என்பது இருக்கிறதை வைத்து வந்த பெயர், கால் பற்றிப் பேச்சே இல்லை. இங்கிலாந்தில் கன்ரபெரி பேராயரை அமர்த்தும் ஆசனத்தின் படத்தைப் பாருங்கள். 13ஆம் நூற்றாண்டில் சலவைக்கல்லில் செய்தது. அதற்குக் கால் என்று ஒன்று இல்லை. பெட்டி மாதிரி அடி, இரண்டு பக்கமும் கல், பின்னால் கல். இத்தாலியில் ரவென்னா என்ற ஊரில் 6ஆம் நூற்றாண்டுப் பேராயர் மக்சிமியானுசின் கதிரை ஒன்று இருக்கிறது. முழுக்க யானைத்தந்தப் பலகைகளை இழைத்தது. உங்கள் திருத்தத்தின்படி முதலில் குனிந்து கால்களை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் இவற்றுக்குப் பெயர் வைக்க வேண்டும்.

உரோமையர் வீடுகளில் கதெத்ரா என்பது முதலில் பெண்கள் சாய்ந்து இருக்கிற கதிரை. முதுகு பின்னால் வளைந்து சரிந்திருக்கும். எங்கள் சாய்மனைக் கதிரையின் தூரத்து உறவு என்று நான் சொல்லுவேன். பெண்களின் கதிரைகளுக்கு நடுவில் நாள் முழுக்கச் சாய்ந்து கிடக்கிற ஆண்களைக் கவிஞர்கள் நக்கல் அடித்திருக்கிறார்கள். அரச அதிகாரிகள் இருந்தது அதில் அல்ல. அவர்களுக்கு முதுகில்லாத, மடிக்கிற ஆசனம், ‘செல்லா கூருலிஸ்’ என்று பெயர். கதெத்ரா பிறகு வாத்தியார்மாரின் கதிரை ஆயிற்று. ஆசிரியர் இருப்பார், மாணவர் சுற்றி நிற்பார்கள். ஆரம்பகாலக் கோயில்களிலும் ஆயர் கதிரையில் இருந்துகொண்டே பிரசங்கம் வைத்தார், சனம் நின்று கேட்டது. கோயிலுக்குள் வாங்குகள் வந்தது எத்தனையோ நூற்றாண்டுகளுக்குப் பிறகு. ஆக, ஆயரின் ஆசனத்துக்குப் பெயர் வந்தது ஆளுநரின் ஆசனத்தில் இருந்து அல்ல, வாத்தியாரின் கதிரையில் இருந்து. இது எனக்குப் பிடித்த விஷயம். சில ஆயர்களுக்குப் பிடிக்குமோ தெரியாது.

இருந்துகொண்டு படிப்பிக்கிறது எங்களுக்கும் புதிதல்ல. தட்சிணாமூர்த்தி கல்லால மரத்தடியில் இருந்துதான் உபதேசித்தார். மதுரையில் புலவர்களுக்குச் சங்கப்பலகை இருந்தது என்று கதை சொல்லுகிறோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீடம், மருத்துவ பீடம் என்கிறோம், பீடமும் ஆசனம்தானே? பிரதேச சபைக்குத் தவிசாளர் என்கிறோம், தவிசும் ஆசனம். ஸ்பெயினில் பேராசிரியரைக் கதெத்ராவை வைத்தே ‘கதெத்ராத்திகோ’ என்கிறார்கள். (அதே ஸ்பானிய மொழியில் ‘கதேரா’ என்றால் இடுப்பு! கதிரையில் போய்ப் படுகிற இடத்துக்கே கதிரையின் பெயர் ஒட்டிக்கொண்டது.) ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கைக்கு 60 இலட்சம் டொலர் சேர்த்தபோது என் மனைவி, “ஒரு கதிரைக்கு அவ்வளவோ? உங்களிட்டைக் கேட்டிருந்தால் முதிரையிலேயே செய்து குடுத்திருப்பியளே” என்றாள். பகிடிக்குச் சொன்னாளோ உண்மையாகச் சொன்னாளோ, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

வேதாகமத்தில் இந்தச் சொல்லைத் தேடிப் பார்க்கச் சொன்னதும் அந்தச் சுவாமியார்தான். “வேதபாரகரும் பரிசேயரும் மோசேயினுடைய ஆசனத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்” என்று மத்தேயு 23ஆம் அதிகாரத்தில் வருகிறது. கிரேக்க மூலத்தில் அந்த ஆசனம் கதெட்ரா. அதே மத்தேயு 21இல் இயேசு கோயிலுக்குள் புகுந்து காசுக்காரரின் பலகைகளையும் புறா விற்கிறவர்களின் ஆசனங்களையும் கவிழ்க்கிறார். அந்த ஆசனங்களும் கதெட்ராதான். முதலாம் சங்கீதத்தில் “பரியாசக்காரர் உட்காரும் இடம்” என்று நாங்கள் படிக்கிற இடத்திலும் கிரேக்கத்தில் கதெட்ரா, லத்தீனில் கதெத்ரா. மோசேக்கும் ஒரு கதிரை, புறா வியாபாரிக்கும் ஒரு கதிரை, பரியாசக்காரனுக்கும் ஒரு கதிரை. “பார், சொல்லில் ஒரு பரிசுத்தமும் இல்லை. ஆர் இருக்கிறான் எண்டதுதான் விஷயம்” என்று சொல்லிவிட்டு அவர் என் கூலியில் இரண்டு ரூபாய் குறைக்கப் பேரம் பேசினார். குறைத்துத்தான் கொடுத்தேன்.

இப்போது ஒரு வாசகர் கேட்கலாம்: இராயப்பர் பேராலயத்தின் பின்சுவரில் பிரமாண்டமான கதிரை ஒன்று தொங்குகிறதே, அது என்ன? நியாயமான கேள்வி. பெர்னினி என்ற சிற்பி 1657 தொடங்கி 1666 வரை வேலை செய்து முடித்த வெண்கல ஆசனம் அது. உண்மையில் அது ஒரு பெட்டி. உள்ளே ஒரு மரக்கதிரை இருக்கிறது. 2024 ஒக்டோபரில் திருத்த வேலை நடந்தபோது அதை வெளியே எடுத்துச் சில வாரங்கள் சனத்துக்குக் காட்டினார்கள். ஓக் மரச் சட்டம், முன்பக்கத்தில் யானைத்தந்தத் தகடுகள், அந்தத் தகடுகளில் கிரேக்க வீரன் ஹெர்க்குலிசின் சாகசங்கள்! பக்கங்களில் வளையங்கள், தண்டு கோத்துத் தூக்கிக்கொண்டு போக. மன்னர் இரண்டாம் சார்ள்ஸ், வழுக்கைச் சார்ள்ஸ் என்று பட்டப்பெயர், 875இல் பாப்பரசருக்குக் கொடுத்த பரிசு என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். கலிலேயாவில் வலை வீசிய இராயப்பர் இதில் இருந்திருக்க வழியில்லை. எங்கள் குருநகர்க் கடற்றொழிலாளர் எவரும் அதை ஒரு நிமிஷத்தில் சொல்லுவார்கள். அது நினைவுச் சின்னம். பெப்ரவரி 22இல் இராயப்பரின் ஆசனத் திருநாள் கொண்டாடுகிறோமே, அந்த நினைவுக்கு உரிய பொருள். ஒரு பாப்பரசரும் ஏணி வைத்து ஏறி அதில் இருப்பதில்லை. இருக்கிற கதிரை இலாத்தரனில்தான்.

கதிரையை வைத்துப் பார்த்தால் எங்கள் நாட்டு நிலவரமும் தெளியும். கொழும்பில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு வருகிற சனத்தில் கால்வாசிகூடக் கொட்டாஞ்சேனைப் புனித லூசியாள் கோயிலுக்கு வருவதில்லை. ஆனால் பேராயரின் கதிரை லூசியாளில். அதுதான் கதீட்ரல், அந்தோனியார் திருத்தலம். மடுமாதாவிடம் ஆவணித் திருநாளுக்கு இலட்சக்கணக்கில் போகிறார்கள், மடுவும் கதீட்ரல் அல்ல. அந்த மறைமாவட்டத்தின் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதி) கதிரை மன்னார் செபஸ்தியார் கோயிலில். அதுவும் எப்போதிருந்து? 1981இல் மன்னாரை யாழ்ப்பாணத்தில் இருந்து பிரித்துத் தனி மறைமாவட்டம் ஆக்கியபோது இருந்து. அதற்கு முதல்நாள் அது பங்குக் கோயில். ஒரு கல்லுக்கூடக் கூட்டிக் கட்டவில்லை, ஓர் ஓடு மாற்றவில்லை. ஒரு கதிரை வந்தது, கதீட்ரல் ஆகிவிட்டது.

இதைவிட அழகான கதை வட்டுக்கோட்டையில் இருக்கிறது. 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனரிமாரின் சபைமுறையில் ஆயர் என்றே ஒருவர் இல்லை. ஒல்லாந்தர் காலத்துக் கோயிலில்தான் அவர்கள் அங்கே வழிபட்டார்கள். பிறகு 1947 செப்ரெம்பர் 27ஆம் திகதி சென்னைப் புனித ஜோர்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது யாழ்ப்பாணமும் அதில் சேர்ந்தது. சபாபதி குலேந்திரன் முதல் பேராயராக வந்தார். ஆயரில்லாதிருந்த சபைக்கு ஓர் ஆயர், ஆயருக்கு ஒரு கதிரை, வட்டுக்கோட்டைக் கோயிலுக்குக் கதீட்ரல் என்ற பெயர். ஸ்கொட்லாந்தில் இதற்கு நேர்மாறு. கிளாஸ்கோவில் உள்ள பழைய பெருங்கோயிலைக் கதீட்ரல் என்றுதான் இன்றும் அழைக்கிறார்கள். அந்த நாட்டுச் சபையில் ஆயர்களை ஒழித்து 300 வருஷத்துக்கும் மேலாகிவிட்டது. கதிரை போய்விட்டது, பெயர் போகவில்லை.

எங்கள் யாழ். மரியன்னை கதீட்ரலை எங்கள் வீட்டில் பெரிய கோயில் என்றே சொல்லி வளர்ந்தோம். குருநகரில் இருந்து நடந்துபோகிற தூரம். எங்கள் பங்குக் கோயிலான யாகப்பர் கோயிலும் பெரிதுதான், ஆனால் ஆயரின் கதிரை அங்கே இல்லை. பெரிய கோயில் என்பதில் தவறில்லை, அது அன்பில் வைத்த பெயர். தவறு, அதையே வரைவிலக்கணம் ஆக்கியதில். தமிழில் கதீட்ரலுக்கும் பேராலயம், பசிலிக்காவுக்கும் பேராலயம் என்று எழுதுகிறோம். பேர் ஆலயம், பெரிய ஆலயம். இந்தச் சொல்லைக் கேட்கிறவன் பெரிதைத்தான் தேடுவான். பசிலிக்கா என்பது பாப்பரசர் ஒரு கோயிலுக்குக் கொடுக்கிற மரியாதைப் பட்டம். வேளாங்கண்ணிக்கு 1962இல் அது கிடைத்தது. ஆனால் வேளாங்கண்ணி சேர்ந்த தஞ்சாவூர் மறைமாவட்டத்தின் கதீட்ரல் தஞ்சாவூர் நகரத்தில் இருக்கிற திரு இருதயக் கோயில். தூத்துக்குடியிலும் இதே கதை. பனிமய மாதா கோயில் பசிலிக்கா, கதீட்ரல் வேறு கோயில். பார்சலோனாவில் நூறு வருஷத்துக்கு மேலாகக் கட்டிக்கொண்டிருக்கிற சக்ராதா பமீலியாவையும் எல்லோரும் கதீட்ரல் என்கிறார்கள். 2010இல் அது பசிலிக்கா ஆனது. ஆயரின் கதிரை அந்த ஊரின் பழைய கோயிலில் கிடக்கிறது.

என் அப்பாச்சி மறைமாவட்டம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவவுக்கு அது மேற்றிராசனம். ஆயர், மேற்றிராணியார். சுரியானி மொழியின் ‘மெத்ரான்’ மலையாளக் கரை வழியாகத் தமிழுக்கு வந்து, ஆசனத்தோடு சேர்ந்து மேற்றிராசனம் ஆயிற்று. கவனித்தீர்களா? அதற்குள் ஆசனம் இருந்தது. எழுத்து வாசிக்கத் தெரியாத அப்பாச்சியின் வாயில் சொல் சரியாக இருந்தது. நாங்கள் படித்தவர்கள் அதைத் தள்ளிவிட்டு மறைமாவட்டம் என்று அரசாங்கக் கச்சேரி வாசம் வீசுகிற ஒரு சொல்லைச் செய்து வைத்தோம். மாவட்டம் இருக்கிறது, ஆசனத்தைக் காணவில்லை. பழையபடி மேற்றிராசனக் கோயில் என்று எழுதினால் என்ன என்று கேட்டால், இளம் சுவாமிமார் சிரிக்கிறார்கள்.

2025 கோடையில் பாரிசில் இருக்கிற மகனிடம் போயிருந்தேன். நோத்ர தாமுக்குக் கூட்டிக்கொண்டு போனான். 2019 ஏப்ரல் 15இல் எரிந்து, 2024 டிசம்பரில் மறுபடி திறந்த கோயில். கூரையின் ஓக் மரச் சட்டங்களைப் பழைய முறைப்படி கைக்கோடரியால் செதுக்கினார்கள் என்று கேள்விப்பட்டதில் இருந்து எனக்கு அதைப் பார்க்காமல் சாக விருப்பம் இல்லை. கூரை மேலே விடமாட்டார்கள், அது வேறு கதை. ஆனால் உள்ளே 1,500 புதுக் கதிரைகள், எல்லாம் ஓக் மரம். நான் ஒன்றில் இருந்தேன். குனிந்து பொருத்துகளைத் தடவிப் பார்த்தேன். மகன், “அப்பா, ஆக்கள் பாக்கினம்” என்று முழங்கையால் இடித்தான். சுத்தமான வேலை. முதுகுச் சட்டங்கள் மெல்லிசு, ஆனால் இருக்கும்போது அசைவே இல்லை. முன்னால் பேராயரின் புதுக் கதெத்ரா, வெண்கலத்தில். தச்சனுக்கு வெண்கலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

பேத்தியிடம், நான் இருக்கிற இதுக்கு உங்கட பாஷையில் என்ன என்று கேட்டேன். “ஷேஸ்” என்றாள். அதுவும் கதெத்ராவின் பிள்ளைதான்! லத்தீன் கதெத்ரா பிரெஞ்சில் ‘ஷேர்’ ஆனது. பாரிஸ் சனம் ஒரு காலத்தில் ‘ர’வை ‘ஸ’ போல உச்சரித்ததால் அதில் இருந்து ‘ஷேஸ்’ பிரிந்து வீட்டுக் கதிரைக்குப் பெயராயிற்று. ‘ஷேர்’ பிரசங்க மேடைக்கும் பேராசிரியருக்கும் என்று ஒதுங்கிவிட்டது. ஆங்கிலத்தில் ‘செயார்’ என்கிறோமே, அதுவும் பழைய பிரெஞ்சில் இருந்து போனதுதான். ஆக அந்தக் கோயிலுக்குள் பேத்தி ஒன்றில், நான் ஒன்றில். அவள் சொல்லுகிறது ஷேஸ், நான் சொல்லுகிறது கதிரை, கோயிலின் பெயர் கத்தெத்ரால். அவளுக்கு நான் இதைச் சொன்னபோது, “சும்மா சொல்லாதேங்கோ, அப்பப்பா” என்றாள். பிறகு போனில் தேடிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. எனக்கு அது போதும்.

இன்னொன்றைச் சொல்லாமல் விடமுடியாது. இங்கிலாந்தில் இருக்கிற மருமகன் ஒருமுறை எக்ஸ்டர் கதீட்ரலில் ஆயரின் ஆசனத்தைப் படம் பிடித்து அனுப்பினான். 1312க்கும் 1316க்கும் இடையில் ஓக் மரத்தில் செய்தது. ஆசனத்துக்கு மேலே எழும்பும் கோபுர வேலையோடு சேர்த்து ஏறத்தாழ 18 மீற்றர் உயரம். ஆறுமாடிக் கட்டடம் அளவு! ஆணி கிடையாது. எல்லாம் மரமுளை வைத்துப் பொருத்தியது. முளை வேலை செய்தவனுக்கு அதன் அருமை தெரியும். கழற்ற வேண்டுமென்றால் முளையைத் தட்டி எடுக்கலாம், மரம் நோகாது. இரண்டாம் உலகப்போரில் அப்படித்தான் அதைக் கழற்றி வெளியூரில் பத்திரப்படுத்தினார்கள். 1942 மே மாதம் அந்தக் கோயிலில் குண்டு விழுந்தபோது ஆசனம் அங்கே இல்லை.

அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு ஞாபகம் வந்தது. யுத்தத்துக்குப் பயந்து வலிகாமப் பகுதியே எழும்பி நடந்த இரவு. மழை. அப்பாவின் சாய்மனைக் கதிரையை நான் கழற்றினேன். சீலையை உருவி, நான்கு சட்டங்களையும் கயிற்றால் கட்டிச் சைக்கிள் கரியரில் வைத்தேன். “அரிசியை எடுக்காமல் மரத்தை எடுக்கிறியே” என்று அம்மா ஏசினா. நாவற்குழிப் பாலத்தில் சனத்துக்குள் ஓர் அடி வைக்க ஒரு மணித்தியாலம். கதிரையின் ஒரு சட்டம் யாரோ ஒருவரின் தோளில் இடித்து, அவரும் ஏசினார். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் அதைப் பூட்டி அப்பாவை இருத்தினேன். அந்தக் கதிரை இப்போதும் என் வீட்டு விறாந்தையில்தான் இருக்கிறது. இந்தக் கடிதத்தையும் அதில் இருந்துதான் எழுதுகிறேன். சீலையை மட்டும் மூன்று தரம் மாற்றிவிட்டேன்.

ஆகவே உங்களிடம் கேட்பது இரண்டே இரண்டு. கதீட்ரல் என்று எழுதுமுன் அந்தக் கோயிலில் ஆயரின் கதிரை இருக்கிறதா என்று ஒரு தொலைபேசி அழைப்பில் விசாரியுங்கள். ஆயர் இல்லத்தில் சந்தோஷமாகச் சொல்லுவார்கள். மற்றது, இந்தக் கடிதத்தை நீளம் கருதி எங்கே வேண்டுமானாலும் வெட்டுங்கள். ஹார்வர்டை வெட்டுங்கள், பார்சலோனாவை வெட்டுங்கள், என் மனைவியின் பகிடியைக்கூட வெட்டுங்கள், அவள் கோபிக்க மாட்டாள். கதிரையில் மட்டும் கைவைக்க வேண்டாம். எத்தனை இடத்தில் அந்தச் சொல் வருகிறது என்று பென்சிலால் எண்ணி, நகலில் குறித்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தச்சுத் தொழிலாளி ஒருவர்,
குருநகர், யாழ்ப்பாணம்.